கேள்வி - பதில்: ஆறு மீனுக்கு ஐந்து குச்சி

ஓய்வுக்குப் பிறகு பொழுது எப்படிப் போகிறது என்று முத்தியால்பேட்டை வாசகர் ஒருவர் கேட்டதற்கு, திண்ணையில் உட்கார்ந்து கம்பியும் நூலுமாகத் தொங்கும் மீன்கள் செய்துகொண்டிருக்கிறேன் என்று சென்ற இதழில் ஒற்றை வரியில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. சரி, பென்ஷன், வீட்டு வரி, மாடித் தோட்டம் எல்லாம் அடுத்த இதழுக்குப் போகட்டும். இந்த முறை முழுக்கத் தொங்கல்தான்.

கேள்வி: "குழந்தைக்கு மொபைல் வாங்கிட்டேன் அத்தை" என்று மருமகள் சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று மாதக் குழந்தைக்கு எதற்குப் போன் என்று சத்தம் போட்டுவிட்டேன். பெட்டியைப் பிரித்தால் கட்டிலுக்கு மேலே தொங்கவிடுகிற பறவை பொம்மைகள்! இதற்கு ஏன் சார் இந்தப் பெயர்?
- வாசகி, லாஸ்பேட்டை

போனுக்கு முன்பே இந்தப் பெயர் இதற்கு வந்துவிட்டது அம்மா. பாரிஸில் அலெக்சாண்டர் கால்டர் என்ற அமெரிக்கச் சிற்பி, மோட்டாராலும் கைப்பிடியாலும் அசைகிற சில உருவங்களைச் செய்து வைத்திருந்தார். 1931இல் அதைப் பார்க்க வந்த கலைஞர் மார்செல் துஷாம்பிடம், இதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டார். துஷாம்ப் சொன்ன பெயர்தான் மொபைல். பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு அசைவது என்று ஒரு பொருள், ஒரு செயலுக்குப் பின்னால் இருக்கிற உள்நோக்கம் என்று இன்னொரு பொருள். உங்கள் தெருவில் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் தாத்தா யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள், சிரித்துக்கொண்டே சொல்வார். மறு ஆண்டு ழான் ஆர்ப் என்ற இன்னொரு சிற்பி, அப்படியானால் நீ போன வருஷம் செய்த அசையாத உருவங்களெல்லாம் என்ன, ஸ்டெபைலா என்று கிண்டலாகக் கேட்க, அந்தப் பெயரும் ஒட்டிக்கொண்டது. கால்டர் அசையாமல் செய்த சிற்பங்களை இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

குழந்தை விஷயத்தில் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். பிறந்த குழந்தைக்கு ஓரளவு தெளிவாகத் தெரிவதே 20, 30 சென்டிமீட்டர் தூரம்தான், அப்புறம்தான் பார்வை மெல்ல மெல்ல நீளும். அதனால் கூரையில் கட்டினால் ரசிப்பது நீங்கள்தான், குழந்தை இல்லை. பார்வைக்கு எட்டணும், கைக்கு எட்டக் கூடாது. ஐந்து மாதம் ஆனதும், அதற்கு முன்பே கையை ஊன்றி எழும்பத் தொடங்கினால் அன்றைக்கே, கழற்றிவிடுங்கள். நூல் கழுத்தில் சுற்றுவது விளையாட்டில்லை. தூளியில் போடுகிற வீடாக இருந்தால் இது தேவையே இல்லை, தூளிக்குள் கிடக்கிற பிள்ளைக்குத் துணியைத் தவிர வேறொன்றும் தெரியாது; தவிர, விட்டத்திலிருந்து தொங்கி ஆடுகிற அந்தப் பிள்ளையே ஒரு மொபைல்தானே.

கேள்வி: பள்ளிக் கண்காட்சிக்காக அட்டையில் ஆறு மீன் வெட்டினேன். மூன்று குச்சியில் கட்டித் தொங்கவிட்டேன். ஒரு பக்கம் சரி செய்தால் இன்னொரு பக்கம் சாய்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போய்விட்டது. என்ன தப்பு செய்கிறேன்?
- பத்தாம் வகுப்பு மாணவன், கடலூர் முதுநகர்

தம்பி, நீ மேலே இருந்து தொடங்கியிருப்பாய். எல்லோரும் செய்கிற தப்பு அது. நானே செய்திருக்கிறேன். கைத்தொழில் ஆசிரியராகச் சேர்ந்த புதிதில், ஆண்டு விழாவுக்கு மேடையில் தொங்கவிட ஒரு பெரிய தொங்கலை உச்சிக் கம்பியை முதலில் கட்டிவிட்டுக் கீழ்நோக்கிச் செய்தேன். ஏணியில் நின்றபடி ராத்திரி பதினொரு மணி வரைக்கும் முடிச்சை அவிழ்ப்பதும் போடுவதுமாக இருந்தேன். காலையில் அது மேடையில் ஒரு மூலையைப் பார்த்தபடி தலைகுப்புறக் கிடந்தது.

கீழே இருந்து மேலே கட்டு. அடியில் இருக்கிற குச்சியின் இரண்டு முனையிலும் இரண்டு மீனைக் கட்டி, அதை மட்டும் சரிசெய். அது நேராக நின்ற பிறகு, அந்தக் குச்சியும் இரண்டு மீனும் சேர்ந்து இனிமேல் ஒரே சுமை. அந்தச் சுமையை அடுத்த குச்சியின் ஒரு முனையில் கட்டி, மறுமுனையில் மூன்றாவது மீன். இப்படியே மேலே போ. கீழே முடிந்துபோனதை மேலே செய்கிற எதுவும் கெடுக்காது, ஏனென்றால் கீழே எப்படி ஆடினாலும் மேல் குச்சிக்குத் தெரிவது அதன் மொத்தக் கனம் மட்டும்தான். மேலே இருந்து வந்தால் கீழே ஒவ்வொரு மீன் சேர்க்கும்போதும் மேலே இருக்கிற எல்லாக் குச்சியும் மறுபடி சாயும். உன் ஞாயிற்றுக்கிழமை போனது அங்கேதான்.

இன்னொன்று, இந்த முறையில் ஆறு மீனுக்கு ஐந்து குச்சி வேண்டும். பத்து மீன் என்றால் ஒன்பது. நீ மூன்று குச்சியில் ஆறு மீனை அடைத்தால் ஒரே குச்சியில் மூன்று நான்கு நூல் தொங்கும், அதைச் சரிக்கட்டுவது முடியாததில்லை, ஆனால் கண்காட்சி முடிந்துவிடும்.

நூலை எங்கே கட்டுவது என்பதற்கு உன் தாத்தாவிடம் காவடிக் கதை கேள். தோளில் தடி போட்டு இரண்டு பக்கமும் பானை தொங்கவிட்டுச் சுமந்தவர்கள், ஒரு பக்கம் கனம் கூடினால் தடியை நகர்த்தி, கனமான பானையைத் தோளுக்குக் கிட்டே கொண்டுவருவார்கள். உனக்குத் தெரிந்ததைச் சொன்னால், பூங்காவில் சீசா ஆடும்போது குண்டுப் பையன் நடுப்பக்கமாக நகர்ந்து உட்காருகிறான் இல்லையா, அதே. ஒரு பக்கத்துக் கனத்தைத் தூரத்தால் பெருக்கினால் வருவதும் மறுபக்கத்துக் கனத்தைத் தூரத்தால் பெருக்கினால் வருவதும் ஒன்றாக இருக்கணும். உன் இயற்பியல் புத்தகத்தில் இதைத்தான் திருப்புத்திறன் என்று போட்டிருப்பார்கள்.

இப்போது ஒரு அழகான விஷயம் பார். எல்லா மீனும் 5 கிராம், எல்லாக் குச்சியும் 24 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள். அடிக் குச்சியில் 5க்கு 5, நூல் சரியாக நடுவில், 12இல். அடுத்ததில் 10க்கு 5, கனமான முனையிலிருந்து 8இல். அடுத்து 15க்கு 5, 6இல். அப்புறம் 4.8. உச்சிக் குச்சியில் 25க்கு 5, வெறும் 4 சென்டிமீட்டரில். அதாவது 24ஐ 2, 3, 4, 5, 6 என்று வகுத்துக்கொண்டே போகிறாய். மேலே போகப் போக நூல் ஓரத்துக்கு ஒதுங்கும், ஒற்றை மீன் மட்டும் நீண்ட கையின் முனையில் தனியாக வெளியே மிதக்கும். உள்ளூர்ச் சந்தையில் விற்கிறவற்றில் பெரும்பாலும் எல்லாக் குச்சியிலும் நடுவில்தான் கட்டியிருப்பார்கள், அதனால்தான் அவை துணி காயப்போடும் ஹேங்கர் மாதிரி இருக்கின்றன.

ஆனால் இந்தக் கணக்குப்படி கட்டினாலும் சாயும். கணக்கில் குச்சியின் கனத்தை நாம் சேர்க்கவில்லை. கடலூரில் பிள்ளைகள் வழக்கமாகச் சைக்கிள் கடையில் பழைய போக்ஸ் கம்பி வாங்கி வருவார்கள். ஒரு போக்ஸ் கம்பியே 6, 7 கிராம் இருக்கும், உன் மீனைவிடக் கனம்! அந்தக் கனம் நீளமான கைப் பக்கம்தான் அதிகம் விழும், எனவே நூலைக் கணக்கு சொன்ன இடத்திலிருந்து கொஞ்சம் நடுப்பக்கமாக நகர்த்தணும். எவ்வளவு என்று கேட்காதே, இரண்டு முனையிலும் சுமையைத் தொங்கவிட்டு, குச்சியை ஆள்காட்டி விரல் மேல் வைத்து நகர்த்திப் பார். எங்கே சாயாமல் நிற்கிறதோ அங்கே பேனாவால் ஒரு புள்ளி. கணக்கு உன்னைத் தெருவரைக்கும் கொண்டுபோய் விடும், கதவைத் தட்டுவது விரல்தான். நூலை முதலில் முடிச்சுப் போடாமல் வெறும் சுருக்காக மாட்டு, தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு நின்றதும் ஒரு சொட்டு ஃபெவிகால். அட்டை மீனுக்குக் கம்பியே வேண்டாம், தென்னை விளக்குமாற்றில் ஐந்து நல்ல ஈர்க்குச்சியை உருவிக்கொள், அம்மா பார்க்காதபோது. அடிப்பக்கம் தடித்தும் நுனி மெலிந்தும் இருப்பதால் விரலில் வைத்துத்தான் அதன் நடுவைக் கண்டுபிடிக்க முடியும், ஆனால் கனமே இருக்காது, தானாகவே லேசாக வளைந்தும் கொடுக்கும். வளைவு ஏன் நல்லது என்று அடுத்த பதிலில் படி.

கேள்வி: விரலில் வைத்தால் நிற்கிறது. நூலில் கட்டினால் லேசாக ஊதினாலே ஒரு பக்கம் முழுக்கக் கவிழ்ந்து செங்குத்தாக நின்றுவிடுகிறது, திரும்பி வருவதில்லை. மாயமா?
- வாசகர், மஞ்சக்குப்பம்

மாயமில்லை, உங்கள் கம்பி ரொம்ப நேராக இருக்கிறது. நடுவில் தூக்குகிற புள்ளியும் இரண்டு முனையில் சுமை தொங்குகிற புள்ளிகளும் ஒரே கோட்டில் இருந்தால், சாய்ந்த கம்பிக்குத் திரும்பி வர ஒரு காரணமும் இல்லை. சாய்ந்தால் சாய்ந்ததுதான். தூக்குகிற புள்ளி முனைகளைவிட மேலே இருக்கணும். கம்பியை வில் மாதிரி லேசாக வளைத்து, வளைவின் மேட்டில் நூலைக் கட்டுங்கள். இப்போது ஒரு பக்கம் கீழே போனால் மொத்தக் கனத்தின் மையம் தூக்குகிற புள்ளிக்கு நேர் கீழே இருந்து விலகி, கொஞ்சம் மேலேயும் ஏறுகிறது. அது மறுபடி கீழே இறங்கத் துடிக்கும், அந்தத் துடிப்புதான் கம்பியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவருகிறது. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையை எவ்வளவு தள்ளினாலும் எழுந்து உட்காருவதும் கனம் அடியில் இருப்பதால்தான்.

எவ்வளவு வளைப்பது? நிறைய வளைத்தால் கல்லுளிமங்கன் மாதிரி அசையாமல் நிற்கும். வளைவு குறையக் குறையச் சின்னக் காற்றுக்கும் தலையசைக்கும், ஆனால் 1 கிராம் வித்தியாசத்துக்கும் முகம் கோணும். நான் 25 சென்டிமீட்டர் கம்பிக்கு நடுவில் ஒரு விரல் தடிமன் உயர்கிற அளவுக்கு வளைப்பேன். கால்டரின் தொங்கல்களைப் படத்தில் பார்த்தால் கம்பிகள் வளைந்திருப்பதை அழகுக்காக என்று நினைப்போம், பாதி இந்த வேலைக்காகத்தான் என்பது என் எண்ணம். அவர் 1919இல் மெக்கானிக்கல் எஞ்சினியரிங் பட்டம் வாங்கியவர், அப்பாவும் தாத்தாவும் சிற்பிகள்.

கேள்வி: எங்கள் ஊர் சுடுமண் பொம்மைகளை இப்படித் தொங்கவிடலாமா?
- வாசகி, வில்லியனூர்

ஒன்றே ஒன்று, உச்சிக்குக் கிட்டே, குட்டைக் கையில். எதிர்ப்பக்கம் நீண்ட கையில் பெரிய காகித இலை. சுண்டைக்காய் அளவு மண் மணி, உள்ளங்கை அகல இலையைத் தூக்கி நிறுத்துவதைப் பார்க்கிறவர்கள் கண்டிப்பாகத் தொட்டுப் பார்ப்பார்கள். எல்லாமே சுடுமண்ணாக இருந்தால் காற்றால் தள்ள முடியாது, தள்ளினால் ஒன்றோடொன்று மோதி உடையும். கனம் குறைவாகவும் பரப்பு அதிகமாகவும் இருப்பதைத்தான் காற்று தூக்கிப் போகும். உங்கள் வில்லியனூர் சுடுமண் வேலைக்கு மாதிரியே திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைக்கும் புவிசார் குறியீடு உண்டு. இந்த வேலைக்கு அதுதான் பொருத்தம், உள்ளே வெற்றாக, கையில் எடுத்தால் இருப்பதே தெரியாது.

கேள்வி: கடலுக்கு நேரே வீடு. நான்கு மாதத்தில் கம்பி துருப்பிடித்தது. அதற்கு முன்பே நூலெல்லாம் சிக்குப் பிடித்துச் சடை விழுந்துவிட்டது.
- வாசகர், குருசுக்குப்பம்

உப்புக் காற்றில் கட்டுக் கம்பி நிற்காது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது அலுமினியம். பித்தளை பச்சை பூக்கும், அது எனக்குப் பிடிக்கும், உங்கள் வீட்டில் எப்படியோ. சிக்கலுக்கு மருந்து உங்கள் தெருவிலேயே இருக்கிறது: தூண்டில் சாமான் விற்கிற கடையில் நரம்பில் கோர்க்கிற சுவிவல் கிடைக்கும், மீன் சுழன்றாலும் நரம்பு முறுக்கிக்கொள்ளாமல் இருக்கப் போடுவது. ஒவ்வொரு குச்சிக்கும் மேலே ஒன்று போடுங்கள், அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். மேல் குச்சியின் நீண்ட கையில் தொங்குகிற மீன், சுற்றி வரும்போது கீழே இருக்கிற குச்சிகளைத் தொடாத அளவுக்கு நூலைக் குட்டையாக வையுங்கள். நிறுத்திப் பார்த்தால் போதாது, கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். அதே கடையில் ஈயக் குண்டும் இருக்கும், எடை சரிசெய்ய வசதிதான், ஆனால் ஈயம் நஞ்சு, குழந்தை இருக்கிற வீட்டில் வேண்டாம், பழைய சட்டைப் பொத்தான் போதும்.

புயல் எச்சரிக்கை வந்தால் கழற்றி உள்ளே வையுங்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30 விடிகாலை 'தானே' புயல் வந்தபோது நான் கழற்றவில்லை. கொக்கி மட்டும் மிஞ்சியது.

கேள்வி: ஃபேன் போட்டால் பம்பரமாகச் சுற்றுகிறது, நிறுத்தினால் நின்றுவிடுகிறது. நடுவாந்தரமாக ஒன்றும் கிடையாதா?
- வாசகி, நெல்லிக்குப்பம்

ஃபேனுக்குக் கீழே கட்டாதீர்கள். தாழ்வாரத்திலிருந்து முற்றத்துக்குப் போகிற வழியில், ஆள் நடக்கிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே கட்டிப் பாருங்கள். யாராவது கடந்து போனாலே திரும்பும். வெயில் ஏறி முற்றத்துத் தரை சுட்டால் மேலே எழும்புகிற காற்றுக்கும் திரும்பும். முறுக்கிய பருத்தி நூலாக இருந்தால் ஈரப்பதம் ஏறி இறங்குவதற்கு நூலே முறுக்கு மாறிச் சுற்றவைக்கும், காற்றே இல்லாமல் நகர்வதைப் பார்த்து எங்கள் வீட்டில் வேலை செய்த அம்மா ஒரு வாரம் அந்தப் பக்கம் வரவில்லை.

கேள்வி: நீங்கள் மாய்ந்து மாய்ந்து எழுதுகிறீர்கள். ஆனால் இதெல்லாம் கலையா? பொழுதுபோகாதவர்கள் செய்கிற அலங்காரச் சாமான்தானே?
- வாசகர், நெய்வேலி

பொழுதுபோகாதவன் என்பது எனக்குப் பொருந்தும், கோபமில்லை. ஆனால் கேள்வி நல்ல கேள்வி. நான் செய்வது அலங்காரச் சாமான்தான். வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தின் கிழக்குக் கட்டடத்தில் தொங்குகிற கால்டருடையது அலங்காரமில்லை. 76 அடி அகலம், முதலில் எஃகில் செய்வதாக இருந்து, அசையாது என்று தெரிந்து, தேன்கூடு மாதிரி உள்ளே கண் கண்ணாக இருக்கிற அலுமினியத்துக்கு மாற்றினார்கள். அவர் 1976இல் இறந்தார், அது மறு ஆண்டுதான் மேலே ஏறியது.

வித்தியாசம் அளவில் இல்லை. 1930இல் கால்டர், மோந்திரியான் என்ற ஓவியரின் அறைக்குப் போனார். சுவரில் வண்ண வண்ணச் சதுர அட்டைகள். இதெல்லாம் ஆடினால் எப்படி இருக்கும் என்று இவர் கேட்க, தேவையில்லை, என் ஓவியம் ஏற்கெனவே வேகமாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டாராம் அவர். இவர் வீட்டுக்கு வந்து ஆட்டிப் பார்க்கத் தொடங்கினார், முதலில் மோட்டார் வைத்து. மோட்டார் அதே சுற்றைத்தான் திரும்பத் திரும்பச் சுற்றும், அடுத்து என்ன வரும் என்று தெரிந்துவிடும். அதனால் அதைக் கைவிட்டுக் காற்றிடம் கொடுத்துவிட்டார். அந்த இடத்தில்தான் எனக்கு இது கலை. பத்து நிமிஷம் பார்த்தும் அடுத்த அசைவு எது என்று என்னால் சொல்ல முடியாவிட்டால் கலை, முடிந்தால் சாமான். திருவிழாக் குடை ராட்டினம் இந்தக் கணக்கில் சாமான், வாசலில் கட்டிய குருத்தோலைத் தோரணம் கலை. சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

1955இல் கால்டர் அகமதாபாத்துக்கு வந்து, சாராபாய் குடும்பத்தின் விருந்தினராகத் தங்கி ஒன்பது சிற்பங்கள் செய்தார். அப்போது நம் பக்கம் ஒரு நடை வந்திருந்தால், ஏற்றம் இறைப்பதைக் காட்டியிருக்கலாம் என்று எனக்கு ஒரு ஆதங்கம். ஒரு முனையில் சால், மறுமுனையில் கல், மேலே முன்னும் பின்னும் நடக்கிற ஆள். எஞ்சினியரிங் படித்தவர் சாப்பாட்டை மறந்து பார்த்திருப்பார்.

கேள்வி: உங்கள் திண்ணையில் தொங்குவதை வந்து பார்க்கலாமா? விலைக்குக் கொடுப்பீர்களா?
- வாசகர், அரியாங்குப்பம்

விலைக்கு இல்லை. பார்க்கலாம், ஆனால் இப்போது வேண்டாம். பொங்கலுக்கு முந்தின வாரம் ஓர் அணில், மூன்றாவது குச்சியில் இருந்த காகித மீனைப் பாதி தின்றுவிட்டது. அன்றைக்கு அவசரத்துக்கு அந்த முனையில் ஒரு துணி கிளிப்பை மாட்டி நிமிர்த்தினேன், நீலக் கலர் பிளாஸ்டிக் கிளிப். புது மீன் வெட்டிவைத்து இரண்டு மாதமாகிறது. கிளிப்போடு சேர்த்து அது இப்போது சுற்றுகிற விதம் முன்பைவிட நன்றாக இருக்கிறது, கழற்ற மனம் வரவில்லை. கொடியில் துணி காயப்போட ஒரு கிளிப் குறைகிறது என்று வீட்டில் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.